முடுக்கு வாசல்

அக்டோபர் 3

வெயில். காற்று இல்லை. ஆட்கள்: நானும் என் மனைவி செய்னம்புவும். வேலை: ஒன்றும் நடக்கவில்லை.

முப்பத்தோரு வருடம் மஸ்கட்டிலும் தோஹாவிலும் கட்டட மேற்பார்வைப் பொறியாளராக இருந்தவனுக்கு நாட்குறிப்பை இப்படித்தான் தொடங்கத் தெரியும். முதலில் வானிலை, பிறகு ஆட்கணக்கு, பிறகு வேலை. மனசைப் பற்றி எழுத அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

மகள் முனவ்வரா சென்னையிலிருந்து பேசினாள். போன வாரம் அவள் உம்மா தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்ததிலிருந்து தினமும் இதே பேச்சுதான். அங்கே மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் இருக்கிறதாம்.

"வாப்பா, நான் ஜனவரி பத்தாம் தேதி வாறேன். அதுக்குள்ள உம்மா அந்த வீட்டுக்குள்ள பயமில்லாம நடந்தா அங்கயே இருக்கட்டும். இல்லாட்டி கூட்டிட்டுப் போயிருவேன்."

சரி என்றேன். மூன்று மாதத்தில் பாலமே கட்டி ஒப்படைத்திருக்கிறேன்.

இது செய்னம்புவின் வீடு. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நாற்பது வருடம் முன்பு நானும் அப்படி வந்தவன். ஊரோடு திரும்பி வந்ததும், இரண்டு வருடம் முன்பு, இந்த வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தேன். என் கையால் செய்த கடைசி வேலை. வந்து பார்த்தவர்கள் எல்லாம் ஹோட்டல் போல இருக்கிறது என்றார்கள்.

அக்டோபர் 6

வெயில். துணி துவைத்தேன். என் தேநீரில் செய்னம்பு உப்பைப் போட்டாள். எனக்குச் சர்க்கரை நோய் வந்த பன்னிரண்டு வருடமாகச் சீனி டப்பாவை என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தவள் அவள். எங்கே ஒளித்தாள் என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை.

அக்டோபர் 9

திருநெல்வேலி. நரம்பியல் டாக்டர் கோமதி, முனவ்வரா வயதுதான் இருக்கும். மருந்துச் சீட்டு எழுதுவார் என்று பார்த்தால், "வீட்டோட பிளான் இருக்கா சார்?" என்று கேட்டார்.

பெருமையாக எடுத்து நீட்டினேன். பையிலேயே வைத்திருந்தேன், கேட்பவர்களுக்குக் காட்ட.

அவர் விரலை வைத்துக்கொண்டே வந்து கூடத்தில் நிறுத்தினார். "தரை என்ன?"

"வெள்ளை டைல்ஸ். முகம் பாக்கலாம்."

"இந்தக் கோடு?"

"கறுப்பு கிரானைட். கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவுல, ஒன்றரை அடி அகலத்துல ஒரு பட்டை. அழகுக்காகப் போட்டது."

டாக்டர் பிளானை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார். "இந்த நோயில கண்ணு நல்லா இருக்கும் சார். கண்ணு பாத்ததைப் புரிஞ்சுக்கிற இடம்தான் தளர்ந்து போகும். பளபளன்னு இருந்தா அவங்களுக்குத் தண்ணி. கறுப்பா இருந்தா பள்ளம். போற வர்ற இடத்தை எல்லாம் வரைபடமா வச்சிக்கிற ஒரு சின்னப் பகுதி மூளைக்குள்ள இருக்கு. நோய் முதல்ல கை வைக்கிறது அங்கதான். புதுசா ஒரு வீட்டை அவங்க படிச்சுக்க முடியாது. ஆனா கையும் காலும் தானாச் செய்யிற பழக்கம் வேற இடத்துல இருக்கு. அது ரொம்ப நாள் நிக்கும்."

"அப்ப?"

"அம்பது வருஷமா காலால படிச்சு வச்சிருந்த வீட்டை நீங்க அழிச்சிட்டீங்க. புதுசாப் படின்னு சொல்லிட்டீங்க."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். திரும்பி வரும்போது பேருந்தில் செய்னம்பு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

அக்டோபர் 10

கூடத்தில் நடக்கும்போது செய்னம்பு சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொள்வாள். இரண்டு வருடமாக அதற்கு அவளைக் கடிந்துகொண்டிருக்கிறேன்.

அவள் தண்ணீரில் நடந்திருக்கிறாள்.

அக்டோபர் 15

மேகமூட்டம். ஆட்கள்: கொத்தனார் இசக்கி, கையாள் ஒருவர். வேலை: கூடத்துத் தரையை உடைப்பது.

இதைப் போட்டதும் இசக்கிதான். உளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மொதலாளி, கண்ணாடி மாதிரி வேணும்னு நீங்கதானே என் உயிர எடுத்தீய. தீவாளிக்குக்கூட வீட்டுக்குப் போவ விடலயே."

"இப்ப மண்ணு மாதிரி வேணும். உடைங்க."

"நல்லாத்தான் இருக்கு ஒங்க கூத்து."

முதலில் கறுப்புப் பட்டையைப் பெயர்த்தோம். அடியில் பழைய சிவப்புத் தரை இருந்தது, அங்கங்கே அடிபட்டு.

அக்டோபர் 27

மழை தொடங்கிவிட்டது. கூடத்தில் பழையபடி மங்கலான சிவப்புத் தரை. சுவரில் இருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அதற்குள் யாரோ ஒரு கிழவி நிற்கிறாள் என்று அவள் பயந்து ஒதுங்கினாள். ஒரே மாதிரி இருந்த ஆறு கதவுகளில் கழிப்பறைக் கதவுக்கு மட்டும் பச்சை அடித்தோம். டாக்டர் சொன்னபடி.

பழையது எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து நிலைப்படி ஒரு முழ உயரம். முட்டி வலிக்காரர்களுக்கு அது மலை. அதைத் திரும்ப வைக்கவில்லை. படி இருந்த இடத்தில் மஞ்சள் கோடு மட்டும் போட்டோம். அறை மாறுகிறது என்று கால் தெரிந்துகொண்டால் போதும், தாண்ட வேண்டியதில்லை.

இன்று அவளாகவே பச்சைக் கதவைத் திறந்து போய்விட்டு வந்தாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். இதை எழுதக் கட்டம் இல்லைதான். பக்கத்தின் ஓரத்தில் எழுதுகிறேன்.

நவம்பர் 4

மழை. தினமும் மாலை, அஸர் பாங்கு சொன்னதும், செய்னம்பு புதுக் குளியலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கிறாள். கட்டுப் பிரித்த கையால் டைல்ஸைத் தட்டுகிறாள். யாரோ திறப்பார்கள் என்பது போலக் காத்திருக்கிறாள். இப்படிச் சுவரைத் தட்டுவது நோயின் அடுத்த படியாம். எங்கோ படித்தேன்.

நவம்பர் 7

ஹவ்வா வந்தாள். செய்னம்புவின் சின்னம்மா மகள். பின்பக்கத்து வீடு. இரண்டு வருடமாக வரவில்லை. இன்று தெருவைச் சுற்றிக்கொண்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்து, முன் வாசல் வழியாக வந்தாள்.

எங்கள் ஊரில் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில் குறுகலான சந்து ஓடும். முடுக்கு என்போம். பெண்களுக்கு மட்டுமான வழி அது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பின்வாசல் இருக்கும். தெருவுக்கு வராமலேயே ஒரு பெண் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்துவிடலாம். எங்கள் வீட்டு முடுக்கு வாசலை அடைத்துத்தான் அந்தக் குளியலறையைக் கட்டினேன். வெளிச்சம் இல்லாத, ஓதமடிக்கிற மூலை. வீணாகக் கிடந்தது என்று நினைத்தேன்.

செய்னம்பு சுவரைத் தட்டுவதை ஹவ்வா பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மச்சான், அவ எங்க வீட்டுக்கு வரப் பாக்குறா. அஸருக்குப் பிறகு அந்த வாசலால வந்து, எங்க வீட்ல கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவா. வயசுக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான்."

"ரெண்டு வருசமா வரலியே. எப்படி ஞாபகம் இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? காலுக்கு ஞாபகம் இருக்கும்." செய்னம்புவின் கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க வீட்ட இடிக்கிறதுக்கு ரெண்டு மூணு வருசம் முன்னாலயே அவ தடுமாறுவா. எங்க வீட்டத் தாண்டிப் போயிருவா. அடுத்த வீட்டுக்காரவ, இங்க இல்ல ராத்தா, அங்கன்னு திருப்பி விடுவா. ஒரு நாளு கடைசி வீடு வரைக்கும் போயிட்டா. அவங்க கையப் பிடிச்சுக் கொண்டு வந்து விட்டாங்க. முடுக்குல எல்லாருக்கும் தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீங்க அப்ப தோஹாவுல. அவ போனா வந்தா. ஒண்ணும் ஆகலியே. பிறகு நீங்க வந்து வாசல அடைச்சிட்டீங்க."

நவம்பர் 8

மழை. வேலை இல்லை.

நவம்பர் 9

மழை.

நவம்பர் 11

நோயை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். புது வீட்டில் குடியேறிய மூன்றாம் மாதம், கூடத்தின் நடுவில் நின்று "நான் வீட்டுக்குப் போவணும்" என்றாள். இதுதான் உன் வீடு என்றேன். நோயைக் கண்டுபிடித்தது அப்படித்தான். அதற்கு முன் மூன்று வருடம் ஒரு சந்தும் பத்துப் பதினைந்து பெண்களும் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். நான் அந்தத் தாங்கலை உருவிவிட்டேன். கட்டடத்தில் ஒரு தூணை எடுப்பதற்கு முன் அதன் மேல் என்ன நிற்கிறது என்று பார்க்கச் சொல்லித்தான் முப்பத்தோரு வருடம் எல்லோருக்கும் பாடம் எடுத்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மணிக்கட்டு உடைந்த அன்று அவள் தடுக்கி விழவில்லை. கறுப்புப் பட்டைக்கு முன்னால் நின்றுவிட்டாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. வா என்றேன். மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். பள்ளத்தைத் தாண்டுவதற்காக அவள் குதித்தாள்.

நவம்பர் 16

மழை விட்டிருக்கிறது. ஆட்கள்: இசக்கி. வேலை: குளியலறையை உடைத்தல்.

முடுக்கில் ஆம்பிளைகள் நின்று வேலை செய்வதற்கு முறை உண்டு. தொண்டையைச் செருமிக் குரல் கொடுக்க வேண்டும். உள்ளே நடமாடும் பெண்கள் ஒதுங்கியதும், "ம்" என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் கால் வைக்கலாம். இசக்கிக்கு இதெல்லாம் அத்துப்படி. நாள் முழுக்கச் செருமிச் செருமித் தொண்டை கட்டிவிட்டது. ஹவ்வா சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பினாள்.

நவம்பர் 21

பழைய கதவு ஹவ்வா வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கிடந்தது. கழுவி, புதுக் கீல் போட்டு மாட்டினோம். இரும்பு வளையம் அப்படியே இருந்தது.

அஸருக்குப் பிறகு செய்னம்பு வந்தாள். வளையத்தைத் தூக்கினாள், கதவைத் திறந்தாள், இறங்கினாள். ஒரு கை சுவரில் உரசிக்கொண்டே போனது. நான் பின்னால் போகக் கூடாது. வாசலுக்கு உள்ளேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு நிமிடம்.

திரும்பி வந்தவள் கையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம் இருந்தது.

டிசம்பர் 5

பளிச்சென்ற வெயில். செய்னம்பு நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். கூடத்தில் சேலையைத் தூக்குவதில்லை. பகலில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பதே இல்லை.

டாக்டர் கோமதியிடம் சொன்னேன். அவரும் இன்னும் சில டாக்டர்களும் சேர்ந்து இப்படிப்பட்டவர்கள் பகலில் வந்து இருக்க ஒரு மையம் கட்டப் போகிறார்களாம். "அந்த முடுக்கை அளந்து தாங்க சார்" என்றார்.

வெள்ளிக்கிழமை முற்பகல் அரைமணி நேரம் முடுக்கை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஹவ்வா ஒரு கோடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தாள். நாற்பது வருடம் இந்த வீட்டில் மாப்பிள்ளையாக இருந்தும் அந்தச் சந்துக்குள் முழுதாக நடந்தது அன்றுதான்.

அகலம் மூன்றடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நடுவில் நின்றால் இரண்டு கையும் இரண்டு சுவரைத் தொடும். வழி தவற இடமே இல்லை. நீரோட்டம் போல இலேசாக வளைகிறது, அதனால் அடுத்த வாசல் மட்டும்தான் கண்ணில் படும்; ஒரே நேரத்தில் பத்து வாசல் வந்து குழப்பாது. எந்தக் கதவும் இன்னொன்றைப் போல இல்லை. ஒரு வீட்டில் மசாலா வாசம், அடுத்ததில் சோப்பு. மூலைக் கற்கள் மழுங்கடிக்கப்பட்டிருக்கின்றன. சுண்ணாம்புச் சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பள்ளக் கோடு, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை. யாரும் செதுக்கியது இல்லை. விரல்கள் உரசி உரசி விழுந்தது.

"இதக் கட்டுனவங்களுக்கு இவ்வளவும் தெரிஞ்சிருக்குமா?" என்று ஹவ்வாவிடம் கேட்டேன்.

"அவங்க எங்கள ஆம்பிளைக கண்ணுல படாம வைக்கக் கட்டுனாங்க, மச்சான். மத்ததெல்லாம் நாங்க நடந்து நடந்து வந்தது."

டிசம்பர் 12

டாக்டருக்கு வரைந்து அனுப்பினேன். சக்கர நாற்காலிக்காக வழியை ஐந்தடி ஆக்கினேன். விரல் உரசிப் போகும் பள்ளக் கோட்டை நாற்காலியில் இருப்பவருக்குத் தனியாக, நிற்பவருக்குத் தனியாக, இரண்டு உயரத்தில் சுவரிலேயே பதித்தேன். எங்கே தொடங்கினாலும் சுற்றி அங்கேயே வந்து சேரும் பாதை. முட்டுச்சுவர் எங்கும் கிடையாது.

டிசம்பர் 19

கூடத்துக்குள் நுழைந்தபோது செய்னம்பு முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள். துணி சரிந்திருக்கும்.

டிசம்பர் 25

மதியச் சாப்பாடு முன்னறைக்கு வந்தது. அங்கே காற்று நன்றாக வருகிறது. தேநீரும் வந்தது. நிறையச் சீனி; ஹவ்வா வாங்கி வைத்த புது டப்பா. வேண்டாம் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 30

என் தலையணை முன்னறைப் பெஞ்சில் இருக்கிறது. யார் கொண்டு வைத்தார்கள் என்று கேட்கவில்லை.

ஜனவரி 4

வெயில். இனி மழுப்பி எழுதிப் பயன் இல்லை.

இன்று கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. நாற்பது வருடமாக நான் கேட்காத சின்னப் பெண்ணின் குரல்.

"வாப்பா கடைக்குப் போயிருக்காஹ. அஸருக்கு வந்துருவாஹ. நீங்க முன்னறையில இருங்க."

அவள் வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

"செய்னம்பு, நான்தான்" என்றேன். கதவிடுக்கில் கொலுசு விலகி உள்ளே ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஹவ்வா வீட்டில் வளையம் தட்டும் சத்தம் கேட்டது. அரண்டு போய் அங்கே ஓடியிருக்கிறாள். ஹவ்வா வந்து முன்னறைக் கதவோரம் நின்றாள்.

"மச்சான், கொஞ்ச நேரம் பள்ளிக்குப் போயிட்டு வாங்க. பயந்துட்டா."

"எதுக்குப் பயப்படுறா?"

"வீட்ல வாப்பாவும் கூடப்பொறந்த காக்காவும் இல்லாத நேரம் அந்நிய ஆம்பிளை வந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டா, பதினாறு வயசுப் பிள்ள பயப்படாதா?"

ஜனவரி 7

டாக்டரிடம் தொலைபேசியில் பேசினேன். பழைய ஞாபகம் கடைசியாகப் போகும் என்றார். "அவங்களுக்குப் பழக்கமான வீட்டை நீங்க திருப்பிக் கொடுத்துட்டீங்க சார். நல்லா இருக்காங்க."

"அந்த வீட்ல நான் இல்லையே, டாக்டர்."

போனை வைத்தேன். உண்மைதான். கறுப்புப் பட்டை, கண்ணாடி, வெள்ளைத் தரை, அடைத்த வாசல், நான் கொண்டு வந்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தேன். கடைசியில் மிச்சம் இருந்தது நான்.

ஜனவரி 10

வெயில். காற்று. ஆட்கள்: முனவ்வரா வந்துவிட்டாள்.

வந்த முதல் ஒரு மணி நேரம் அவள் உம்மாவின் பின்னாலேயே நடந்தாள். அடுப்படி, கூடம், பச்சைக் கதவு, முடுக்கு வாசல், ஹவ்வா வீடு, திரும்ப. செய்னம்புவுக்கு அவள் யார் என்று தெரியவில்லை. ஆனால் பெண்பிள்ளை என்பதால் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முனவ்வரா முன்னறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சில் மடித்து வைத்த போர்வை, கொடியில் என் சட்டைகள், மூலையில் மருந்து டப்பா. எல்லாவற்றையும் பார்த்தாள்.

"உம்மா இங்கயே இருக்கட்டும் வாப்பா."

"சரி."

"நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"ஆமா."

"நீங்க என்கூட வாங்க. ஹவ்வா சாச்சி பாத்துக்குவாங்க. இப்படி வாசல்ல கிடக்கணுமா?"

"வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வேணும்ல. அவ வாப்பா வர்ற வரைக்கும்."

முனவ்வரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அஸர் தொழப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்து முன் வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன். இப்போதெல்லாம் அப்படித்தான். உள்ளே கொலுசுச் சத்தம் விலகிப் போகும் வரை நின்றேன். பிறகு, "ம்" என்று வந்தது. உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கதவுக்குப் பின்னால் அவள் கேட்டாள். "யாரு வந்திருக்காஹ?"

"தெரிஞ்சவங்கதான்" என்றாள் முனவ்வரா.

பாத்திரச் சத்தம். அடுப்பு பற்றவைக்கும் சத்தம். முனவ்வரா தேநீரைக் கொண்டு வந்து கொடுத்தாள். "உம்மாதான் போட்டாங்க. நான் பக்கத்துல நின்னு தீயை மட்டும் பாத்தேன்."

விருந்தாளிக்குப் போடும் சீனியை எதிர்பார்த்து வாயில் வைத்தேன்.

சீனி இல்லை.

"நீ சொன்னியா?"

"இல்ல வாப்பா. டப்பா கையில எடுத்தாங்க, கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னாங்க. அப்புறம் பரண்ல, அரிசிப் பானைக்குப் பின்னால தள்ளி வச்சிட்டாங்க."

கோப்பை ஆறும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.